அப்பாவின் ஊசியும் என் மூன்று ஸ்கிரீன்ஷாட்டும்

இன்று மலேசியாவின் மூவாரில், கால் வீங்கிக் காய்ச்சலோடு இருந்த அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இன்டர்நெட் இல்லை. அவருடைய ரெக்கார்டைத் திறக்க முடியவில்லை!

"அண்ணே, எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது?" என்றார் நர்ஸ்.

"போன வருஷம் இங்க ஊசி போட்டு மூஞ்சியே வீங்கிருச்சு, மிஸ்ஸி. பேரு கம்ப்யூட்டர்ல இருக்கும் லா."

"அலமாக், அதுதானே படுத்துருச்சு!"

பெயர் தெரியாமல் ஊசி போட டாக்டர் மறுத்துவிட்டார். இன்டர்நெட் லைன் வரும்வரை இரண்டு மணி நேரம் அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேடியத்தில் லைன் கிடைக்காதென்று, நான் போகவிருக்கும் கச்சேரியின் டிக்கெட்டை மட்டும் மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"என் மருந்து பேர ஒண்ணுகூட எடுத்து வைக்கலயாம்மா?"

உங்கள் அப்பாவுக்கு எந்த மருந்து ஆகாது? அம்மாவிடம் கேட்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்.