போயிட்டு வா

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பழக்கம் உண்டு. செயற்கைக்கோள் சிங்கப்பூர் வானத்தைக் கடந்து, தொடுவானத்துக்குக் கீழே இறங்கி, திரையில் அதன் சமிக்ஞை அறுந்ததும் யாராவது ஒருவர் "போயிட்டு வா" என்பார். இன்று மாலை சொன்னவர் ஒரு மலாய்க்காரர். அறையில் இருந்த ஒரே தமிழச்சியான நான், களைப்பில் வாயைத் திறக்கவில்லை.

பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் பாஸ். நாட்டின் முதல் செயற்கைக்கோளைச் செய்து மேலே அனுப்பிய விஞ்ஞானி என்று விழாக்களில் அறிமுகப்படுத்துவார்கள். எங்களுக்கு அவர் பாஸ்தான். "இத்துனூண்டு ஊருக்கு எதுக்கு சொந்தமா செயற்கைக்கோள்?" என்று கேட்ட கூட்டங்களில் வருடக்கணக்காக உட்கார்ந்து, ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, மனிதருக்குக் குரலே தேய்ந்துவிட்டது. பூமியைச் சுற்றும் அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் எங்கள் தலைக்கு மேல் இருப்பது சில நிமிடங்கள்தான். கேட்பது, சொல்வது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முதல் முறை அது மறைந்தபோது அறையில் ஒரே கைதட்டல். பாஸ் மட்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி, "போயிட்டு வா" என்றார். கூட வேலை பார்த்த சீன நண்பர் அர்த்தம் கேட்டார். "கிளம்புறப்ப போறேன்னு சொல்லக்கூடாது லா. திரும்பி வரணும் இல்ல?" அன்றிலிருந்து நண்பர் டாய்லெட்டுக்கு எழுந்தாலும் "போயிட்டு வரேன்"தான்.

நினைத்ததைவிட நெடுநாள் உழைத்துவிட்டு, ஒரு நாள் அந்தப் பெட்டி பதில் சொல்லவில்லை. பேட்டரி செத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பாஸ் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். இனி வீட்டோடு இருப்பேன் என்று தன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனாலும் அது கடக்கும் நேரத்துக்கு தெம்பனிஸ் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். கூப்பிடுவோம், பதில் இருக்காது. நாங்கள் எப்போதோ சலித்துப்போயிருந்தோம். அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, எனக்குப் போன் செய்து, "அவர அனுப்பி வைம்மா, சாப்பாடு ஆறுது" என்பார். எனக்குத்தான் மனம் வராது.

ஒரு காலை பாஸ் மாரடைப்பில் போய்விட்டார். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது நமக்குத் தெரியும்; சீன நண்பருக்கு யார் சொன்னது? நேரே ஆன்ட்டியிடம் போய்க் கும்பிட்டு, தெளிவான தமிழில், "போயிட்டு வரேன் ஆன்ட்டி" என்றார். சுற்றியிருந்த பெரியவர்களின் முகம் சுருங்கியது.

"போயிட்டு வா லா," என்றார் ஆன்ட்டி. "அவர்கிட்ட கத்துக்கிட்டதுதானே." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது இப்பவும் நம்ம தலைக்கு மேல வருதா?"

"வருது ஆன்ட்டி. இன்னும் பல வருஷம் வரும். ஆனா பேசாது."

"இவரும் அப்படித்தாம்மா. தினம் வீட்டுக்கு வந்தாரு. பேசல."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது பாஸின் நாற்காலியில் நான். திரை நடுவில் பிறகு அனுப்பிய புதிய செயற்கைக்கோள்; ஓரத்தில் அந்தப் பழைய பெட்டியின் பாதை இன்னும் ஓடுகிறது. அதை எடுத்துவிட யாருக்கும் மனமில்லை. பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றேன். காலையில் என் வீட்டுக்காரரிடமும் இதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். போனதும் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. என்ன பேசலாம் என்று யோசித்தேன். லிட்டில் இந்தியா நிலையம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.