என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்

அறுபது வருஷம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறவிடுகிற உத்தேசமும் இல்லை.

அப்போது கல்கத்தாவில், பவானிபூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு அரசாங்க ஆபீஸில் உத்தியோகம். எனக்குப் பன்னிரண்டு வயது. மாயவரத்துப் பையன் ஒருவனுக்கு என்னைக் கல்யாணம் செய்துகொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நானோ என் பாட்டுக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவதும், கொல்லையில் கொய்யா மரம் ஏறுவதுமாக இருந்தேன். மரம் ஏறினால் முதுகுத் தோலை உரித்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் கிளை முறிந்து விழுந்தேன். மறுநாள் காலையில் பாவாடையெல்லாம் ரத்தம். வயிற்றுக்குள் ஏதோ அறுந்துவிட்டது, சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். சொன்னால் அடி, சொல்லாவிட்டால் சாவு. அடுப்புக்கரி போடும் அறையில் மத்தியானம்வரை ஒளிந்திருந்தேன். பிறகு பயம் தாங்காமல் ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "மரத்துலேருந்து விழுந்துட்டேம்மா, டாக்டரைக் கூப்பிடு" என்று அழுதேன்.

அம்மா பாவாடையைப் பார்த்தாள். சிரித்தாள்! அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. பிறகு பெட்டியைத் திறந்தாள். போன வருஷமே எனக்கென்று வாங்கி வைத்த பட்டுப்புடவை, மெத்தென்று கிழித்து மடித்த பழந்துணி எல்லாம் உள்ளே இருந்தன. இடித்துக் கொடுக்க எள்ளும் வெல்லமும்கூட வீட்டில் தயார். நான் ஒருத்திதான் தயாராக இல்லை.

"முன்னாடியே ஏம்மா சொல்லலே?" என்று கத்தினேன்.

"எனக்கு மட்டும் யாருடி சொன்னா?" என்று அவளும் கத்தினாள்.

இதெல்லாம் ஒரு பதிலா? தான் பயந்து நடுங்கியது ஞாபகம் இருந்தும் பெண்ணையும் நடுங்கவிட்டாளே!

நான் ஒளிந்த அதே கரி அறையில் மூன்று நாள் உட்காரவைத்தார்கள். நாலாம் நாள் தலைக்கு ஊற்றி, புடவை சுற்றி, ஆரத்தி எடுத்தார்கள். அடுத்த வாரமே அப்பா மாயவரத்துக்கு ரயில் டிக்கெட் வாங்கிவந்தார். ரயிலில் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடியில் குடியிருந்த, சித்தி முறை வைத்து மாஷிமா என்று நான் கூப்பிடும் வங்காளி அம்மாளிடம் ஓடிப்போய், துர்கா பூஜைக்குள் வந்துவிடுவேன், அதுவரை என் சிலேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரயிலில் போக அவளுக்கும் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரப்போவது அப்பா மட்டும்தான் என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.