ஏட்டையா கையெழுத்து

யுத்த காலத்தில் நூலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ராஜபாளையத்தில் பஞ்சாலையை ஒட்டியிருந்த எங்கள் தெருவுக்குப் போலீஸ் வராத வாரமே கிடையாது. ஆலையில் நூல்கட்டு குறைந்தால் முதலில் எங்கள் வீடுகளைத்தான் கலைத்துப் போடுவார்கள்.

அன்று காலை அடுத்த வீட்டில் சோதனை. அது என் மாமா வீடு. அம்மாவின் தம்பி, ஆலையில் வேலை. வீட்டுக்குள் ஒன்றும் அகப்படவில்லை. நாலு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில், விறகுக்கு அடியில் ஒரு நூல்கட்டு கிடந்தது. எதை எங்கே எடுத்தார்கள் என்று ஏட்டையா அங்கேயே உட்கார்ந்து மகஜர் எழுதினார். சாட்சிக்கு ஆள் தேடியபோது தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. மச்சினனைத் தனியே விட்டுவிட்டு உள்ளே போக மனம் வராத என் அப்பா மட்டும் அகப்பட்டுக்கொண்டார்.

பெருவிரலை நீட்டச் சொன்னதும் அவர் தயங்கினார். "என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படி வைக்க, ஏட்டையா?"

"ஒம் மவன்தான் பெரிய படிப்பு படிக்கான்லா, அவனையே வாசிக்கச் சொல்லு" என்று ஏட்டையா தாளை என்னிடம் நீட்டினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பு. புத்தகத்து அச்செழுத்தைத் தடங்கலில்லாமல் படிப்பேன். அந்தத் தாளிலோ புள்ளி இல்லை, இடைவெளி இல்லை. எழுத்தெல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. கிணறு என்ற சொல்லை மட்டுமாவது தேடினேன். கிடைக்கவில்லை. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"கெணத்தடியில கெடந்துச்சுன்னு போட்டிருக்குப்பா."

ஏட்டையா என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கன்னத்தில் தட்டிக்கொடுத்தார். அப்பா நிம்மதியாக ரேகை வைத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் அதை உரக்க வாசித்தபோதுதான், நூல்கட்டை மாமா வீட்டு அடுப்பங்கரையில் எடுத்ததாக எழுதியிருப்பது தெரிந்தது. கிணற்றடியில்தான் எடுத்தார்கள் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். அப்படியானால் இதை உமக்கு யார் வாசித்துக் காட்டியது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அப்பா, வாசலோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் வாசிக்கலைங்கய்யா. நாந்தான் கேக்காம வச்சுட்டேன்."

மாமாவுக்கு ஆறு மாதம்.

சோதனை நடந்தபோது உள்ளே அத்தையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் வாசித்தது தெரியாது. மறுநாள் காலையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "படிக்கிற பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு, இத வாசிலேன்னு சொல்ல ஒங்களுக்கு வாயில்லையா? எந்தம்பியத் தூக்கிக் குடுத்துட்டியளே."

நேரமாச்சு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு என்று அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். அன்று வாசித்தது நான்தான் என்பதை அவர் அடியோடு மறந்துபோனார் என்று நம்பி, பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக ஓடினேன்.