தொட்டிக்கு அடியில் போன படங்கு

இராசையாவைப் போல் ஓர் அப்பாவியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் அடுத்த காம்பராக்காரன் அவன். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவில் அவனுக்கு வேலை. 1957இல் துரை, தன் பெண்பிள்ளைகள் நீச்சலடிப்பதற்காகப் பலகைகளை வட்டமாக நிறுத்தி, உள்ளே ரப்பர் படங்கு விரித்து, தரைக்கு மேலேயே பெரிய தொட்டி ஒன்று கட்டினார். அன்றிலிருந்து அதைக் காப்பாற்றுவதே இராசையாவின் பிழைப்பாகிவிட்டது.

படங்கு அடிக்கடி கிழியும். தண்ணீரை வடித்து, ஓட்டையைச் சுற்றிச் சுரண்டி, சைக்கிள் டியூப் துண்டில் பசை தடவி ஒட்டுவான். இன்று இங்கே ஒட்டினால் நாளை அங்கே பிய்ந்துகொள்ளும். கடைசியில் துரைக்கே அலுத்துப்போய், கொழும்பிலிருந்து புதுப் படங்கு வரவழைத்தார். "பழச நீயே எடுத்துக்கோ" என்றும் சொல்லிவிட்டார்.

அவன் பட்ட சந்தோஷம் இருக்கிறதே! அவன் காம்பராவின் தகரக் கூரை சல்லடையாகக் கிடந்தது. பெண்டாட்டி தனலெட்சுமிக்கு மாதம் நிறைந்திருந்தது. ஐப்பசி மழையும் நெருங்கிக்கொண்டிருந்தது. கங்காணியிடம் கேட்டால், தகரம் அடுத்த வருசம்தான் என்றார். ஒட்டுப்போட்ட படங்கானாலும் கூரைமேல் கட்டினால் பிள்ளை நனையாது. "பெரியாயி அக்கா, புள்ள பொறக்கறப்ப வீடு காஞ்சு கெடக்கும்" என்று என்னிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

பழையதைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, பங்களாத் தாழ்வாரத்தில் மடித்து வைத்தான். புதியதைச் சுருக்கமில்லாமல் இழுத்து விளிம்பைப் பலகையோடு கட்டினான். கணுக்கால் அளவு தண்ணீர் விட்டதும் துரை இறங்கி நடந்து பார்த்தார்.

"கல்லு குத்துது. இதுவும் கிழிஞ்சிடும். என்ன செய்யலாம் இராசையா?"

"அடியில தடிப்பா ஏதாச்சும் விரிச்சாத் தாங்குமுங்க, தொரைங்களே."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்ததாம். துரையின் கண் தாழ்வாரத்துக்குப் போயிற்று. "அதான் இருக்கே, எடுத்துப் போடு" என்றார். கொடுத்ததை அவர் மறந்தே போனார். இவன் தன் கையாலேயே அதை அடியில் விரித்து, மேலே புதியதைத் திரும்பக் கட்டி, தண்ணீரையும் நிரப்பிவிட்டு வந்தான்.

நடந்ததை என்னிடம் வந்து சொன்னான். "அட பாவி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"கேட்டாருக்கா, தெரிஞ்சதச் சொல்லிட்டேன்" என்றான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேற்கொண்டு திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பெண் குழந்தை பிறந்த மறுவாரமே மழை பிடித்துக்கொண்டது. நான் எட்டிப் பார்க்கப் போனபோது, தனலெட்சுமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தாள். அங்கேயும் சொட்டியது. இராசையா அவர்கள் தலைக்கு மேலே கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துப் பங்களா ஆள் ஒருவன் வந்து நின்றான்.

"தொட்டி நெறஞ்சு வழியுது. பலகை சாஞ்சிடும்போல இருக்கு. தண்ணி எறைக்க ஒன்னைய ஒடனே வரச் சொல்றாரு தொர."

போகாதே என்று சொல்ல நாக்குத் துடித்தது. போகாவிட்டால் வேலையும் போகும், இந்தக் காம்பராவும் போகும். இராசையா பெண்டாட்டியைப் பார்த்தான். "போயிட்டு வாங்க" என்றாள் அவள். கம்பளியை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒழுகலுக்கு அடியில் வைத்திருந்த வாளியை எடுத்து, நிறைந்திருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, அதையே தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினான்.