கியாசுதீன் பேரில் ஒரு பிராது

விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கோர்ட்டு இரண்டு. ஒன்று ஊருக்குள் இருக்கிறது. இன்னொன்று பக்கத்தில் மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் கோயில். ஆடு காணாமல் போனாலும் சரி, பங்காளி வரப்பை வெட்டினாலும் சரி, இன்னார் எனக்கு இன்ன கெடுதல் செய்தார் என்று ஒரு காகிதத்தில் பேர் ஊரோடு எழுதி, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, அங்கேயே கட்டிவிட்டு வந்துவிடலாம். அதற்குப் பிராது கட்டுவது என்று பேர். முதல் கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், இங்கே அது நடக்காது. அதனால் ஜனங்களுக்கு இதன்மேல்தான் பயம் அதிகம்.

திரௌபதியும் ஒரு பிராது கட்டினாள். கட்டியிருக்க வேண்டாம்.

அவளும் புருஷன் அர்ச்சுனனும் செராமிக் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டு எடுத்துப் பொம்மை போட்டவர்கள். களிமண் கரைசலை அச்சில் ஊற்றுவது அவன் வேலை. காய்ந்த பொம்மைக்குப் பிசிறு சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து மூக்கும் முழியுமாக்குவது அவள் வேலை. பிள்ளை குட்டி இல்லை. சுட்டெடுத்த பொம்மைகளை வாங்கிப் போய்ப் பாண்டிச்சேரி, சிதம்பரம் என்று கடைகளுக்குப் போடுகிறவன் கியாசுதீன். திரௌபதியை அவன் வாய் நிறைய அக்கா என்பான். அர்ச்சுனன் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை, சொந்தத் தம்பியையே வாசலோடு பேசி அனுப்புகிறவன். அப்பேர்ப்பட்டவன் ஷெட்டின் இன்னொரு சாவியைக் கியாசுதீனிடம் கொடுத்து வைத்திருந்தான்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது அர்ச்சுனனைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் பொட்டலமாகத்தான் வந்தான். சொந்தபந்தமெல்லாம் தெருமுனையோடு நின்றுகொண்டது. பங்காளி ஒருத்தன் எட்ட இருந்தே கொள்ளி வைத்தான். திருப்பூரில் இருந்த அவள் அண்ணன் தேவநாதனுக்கு வர வழியில்லை. வண்டி பிடித்தது, தூக்கியது, இறக்கியது எல்லாம் கியாசுதீனும் அவன் கூட்டிவந்த பள்ளிவாசல் பையன்களும்தான்.

அதற்கப்புறம் திரௌபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்று வரைக்கும் இருந்தவன் இன்றைக்கு இல்லையென்றால், இனி எது நிற்கும்? கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பாள். ஊரடங்கு முடிந்து ஷெட்டைத் திறந்தாள். தாய் அச்சு ஒன்றுகூட இல்லை. ஊற்றுகிற அச்சு தேய்ந்தால் புது அச்சு எடுப்பது தாய் அச்சிலிருந்துதான். அது போனால் அர்ச்சுனன் கை செய்த பிள்ளையாரும் போச்சு, செட்டியாரும் போச்சு. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

பூட்டு உடையவில்லை என்றால் சாவி வைத்திருப்பவன்தானே? போதாததற்கு, காரியம் முடிந்ததிலிருந்து கியாசுதீன் அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தாலி அறுத்து உட்கார்ந்திருப்பவள் வீட்டுக்கு ஓர் ஆம்பளை போகவர இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்காதே என்று அவன் ஒதுங்கியிருந்தான். அரிசி பருப்பைக்கூடப் பெண்டாட்டி ஜெரினாவிடம்தான் கொடுத்தனுப்பினான். அந்த மரியாதையைத் திரௌபதி குற்றமுள்ள நெஞ்சு என்று படித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பக்கத்து ஷெட்டு பிரபாதான் சொன்னாள். "ஒரு வார்த்த அவரையே கேட்டுப் பாருங்களேன்க்கா."

"கேட்டா இல்லன்னுதான சொல்லுவான்? கேக்குற எடத்துல கேட்டுக்கறேன்" என்று பஸ் ஏறிவிட்டாள்.

கோயிலில் எழுதும்போது கை நடுங்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு அதுதான் ஆச்சரியம். கியாசுதீன், விருத்தாசலம், என் புருஷன் அச்சுகளைத் திருடியவன் என்று முத்து முத்தாக எழுதினாள். திரும்பி வந்து பிரபாவிடம் மட்டும் சொன்னாள். பிரபாவிடம் மட்டும் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுநாளே ஷெட்டுக்காரர்கள் கியாசுதீனைக் கண்டால் கதவை ஒருக்களித்துப் பேசினார்கள். வாரம் திரும்புவதற்குள் ஜெரினா வந்து சாவியைத் திரௌபதி கையில் வைத்தாள்.

"அவரு குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றாள். வந்த காலோடு திரும்பிப் போய்விட்டாள். பார்த்தாயா, பயந்துவிட்டான் என்றது திரௌபதியின் மனசு.

அடுத்த மாதம் கியாசுதீன் பைக்கிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். பாலக்கரை மேட்டில் மழைச் சேற்றில் யார்தான் விழவில்லை? ஆனால் எஸ்டேட் முழுக்க, "பிராது வேல செய்யுதுடா" என்றார்கள். அது காதில் விழுந்த அன்றைக்குத்தான், புருஷன் போனதற்கப்புறம் முதல் தடவையாகத் திரௌபதி அசந்து தூங்கினாள். சாமி இருக்கிறது, உலகம் நிற்கிறது என்று ஒரு பிடிமானம். இன்னொருத்தன் ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பது அப்போது தெரியவில்லை. அந்தத் தூக்கம்தான் இப்போது அவளைத் தின்கிறது.

போன பொங்கலுக்குத் தேவநாதன் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்தான். அம்மா செத்ததிலிருந்து பூட்டிக் கிடந்த வீட்டை வெள்ளையடிக்கலாம் என்று திறந்தவன் தங்கச்சிக்குப் போன் போட்டான்.

"ஏம்மா, நெல்லு ரூம்புல சாக்குல சுத்தி என்னமோ வெள்ள வெள்ளயா அடுக்கி வச்சிருக்குது. உங்க பொம்ம அச்சு மாதிரி இருக்குது. எடுத்துனு போறியா?"

"யாருண்ணா வச்சது?"

"மாப்ளதான் வச்சிருப்பாரு. அந்தக் கொரோனா அப்போ போன் பண்ணாரு. ஷெட்டு ஓடு ஒடஞ்சி மழ எறங்குது, கொஞ்சம் சாமான் வைக்கணும், சாவி எங்க இருக்குதுன்னாரு. நெலப்படி மேலன்னு சொன்னேன். அப்பறம் அவரே போயிட்டாரு, நானும் மறந்துட்டேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

கேட்டிருந்தால். அண்ணனை அவள் கேட்கவில்லை. கியாசுதீனையும் கேட்கவில்லை. சாமியைக்கூடக் கேட்கவில்லை. இவன்தான் என்று தீர்ப்பை எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் போடச் சொன்னாள்.

கட்டிய பிராதைத் திரும்ப வாங்கவும் அங்கே வழி உண்டு. ராஜினாமா என்பார்கள். குறை தீர்ந்தவர்கள் சிரித்த முகமாகச் செய்துவிட்டுப் போவார்கள். திரௌபதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அங்கே இருந்த பெரியவர் விசாரித்தார்.

"பொருளு கெடச்சிதாம்மா?"

"கெடச்சிதுங்க."

"அப்பறம் ஏன் அழுவுற? யாரு எடுத்ததாம்?"

"யாரும் எடுக்கலைங்க."

அவர் விபூதியை மட்டும் கொடுத்தார்.

அங்கிருந்து நேராகக் கியாசுதீன் கடைக்குப் போனாள். பொம்மை வியாபாரம் போய், இப்போது அவனுக்கு ஜங்ஷன் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை. குடமும் முறமும் கூரை வரைக்கும் தொங்கின. கல்லாவில் இருந்தவன் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வாங்கக்கா, உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நெல்லு ரூமை, அண்ணன் போனை, ராஜினாமா கொடுத்ததை. கடைசியில், "என்னை மன்னிச்சிடு தம்பி" என்று கும்பிட்டாள்.

"அய்ய, கைய எறக்குங்கக்கா" என்றான் கியாசுதீன். "நீங்க எழுதுனீங்கன்னு கேள்விப்பட்டப்ப ஜெரினா பயந்துட்டா. எனக்குப் பயம் இல்ல. படிக்கப் போறது சாமி. அதுக்குத் தெரியாதா நான் எடுக்கலன்னு? உங்க சாமிய நான் நம்புனேன். நீங்கதான் என்னைய நம்பல."

உள்ளேயிருந்து ஜெரினா எட்டிப் பார்த்துவிட்டு டீ போடப் போனாள்.

திரௌபதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அச்செல்லாம் ஒண்ணுகூட ஒடையல. திரும்பப் பொம்ம போடலாம்னு இருக்கறேன். நீயே எடுத்துனு போய்ப் போடு தம்பி. பழைய மாதிரி ஷெட்டு சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே இந்த ஒலகமே பொரண்டாலும் நான் உன்ன சந்தேகப்பட மாட்டேன்."

அவள் மனசாரச் சொன்னாள். அவனும் மனசார நம்பினான். அது அவன் முகத்தில் தெரிந்தது.

"பட மாட்டீங்க, தெரியுதுக்கா" என்றான். "ஆனா ஒரு நாளைக்கி எதாவது ஒண்ணு காணாமப் போவும். அப்ப நீங்க பாட்டுக்குத் தேடினு இருப்பீங்க. நான் சாமானத் தேட மாட்டேன், உங்க மொகத்தத்தான் பாத்துனு இருப்பேன். அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்க்கா."

ஜெரினா டீ கொண்டுவந்து வைத்தாள். திரௌபதி ஸ்டூலில் உட்கார்ந்து குடித்தாள்.