ஒரு கைக்கு ஒரு விசை

எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் ‘சுருக்கு சார்’ என்றுதான் கூப்பிடுவோம். குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்றைச் செய்து விற்கிறோம். அதில் எந்தச் சுருக்குவிசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் வேலை. பேச்சும் சுருக்கம்தான். மூன்று வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு நாலாவதைச் செலவழிக்க மாட்டார். நான் பக்கத்து மேஜை, புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள். எனக்கு வாய் நீளம் என்பார்கள், இருக்கட்டும்.

எங்கள் மென்பொருளில் வரிக்கு அடியில் வரி எழுதலாம். மேலே இருப்பது தாய் வரி, அடியில் இருப்பவை பிள்ளைகள். தாயை நகர்த்தினால் பிள்ளைகளும் கூடவே போகும். நகர்த்துவதற்கு ஒரு கை கன்ட்ரோல் விசையிலும் இன்னொரு கை வலது ஓரத்து அம்புக்குறியிலும் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் சாரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்த அம்மா டீச்சர்; பாடக் குறிப்பெல்லாம் இதில்தான் எழுதுவார். சார் யாரையும் கேட்கவில்லை. ஆல்ட்டோடு டபிள்யூவை அழுத்தினால் வரி மேலே போகும், எஸ்ஸை அழுத்தினால் கீழே இறங்கும் என்று இடது கைக்கு மட்டும் ஒரு ஜோடி விசையைச் செருகிவிட்டார்.

நாலு மாதத்துக்கு முன் அந்த அம்மா போய்விட்டார். ஐந்தாம் நாள் சார் வேலைக்கு வந்தார். சட்டை தேய்த்திருந்தது. துக்கம் கேட்டவர்களிடம் ஏதோ மீட்டிங் தள்ளிப்போன மாதிரி “சரி, சரி” என்றார். எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. கல்நெஞ்சக்காரர் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். ஆனால் தினமும் காலையில் வந்ததும், எந்த விசையை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று காட்டும் பயன்பாட்டுக் கணக்கைத் திறப்பார். ஆல்ட்–டபிள்யூ: பூஜ்யம். மூடிவிட்டு டீ குடிக்கப் போவார்.

புது மேலாளரும் ஒருநாள் அந்தக் கணக்கைப் பார்த்தார்.

“சார், இதை நாலு மாசமா ஒருத்தரும் தொடலை. அதுக்கு முன்னாடியும் ஒரே ஒரு ஆள்தான். எடுத்துடலாமா? வாரக் காலண்டரைத் திறக்க டபிள்யூ வேணும்.”

“எடுத்துடலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒரு ஆள் யார் என்று மேலாளருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் சார் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டார். மத்தியானத்துக்குள் விசை போயிற்று. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

புதுப் பதிப்பு வெளியான மூன்றாம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. சார் காதில் விழும்படி சத்தமாகப் படித்தேன்: “கைக்குழந்தையை வலது தோளில் போட்டுக்கொண்டு இடது கையால்தான் வேலை பார்க்கிறேன். அந்த விசையை எந்தப் புண்ணியவான் வைத்தாரோ, எந்தப் பாவி எடுத்தாரோ!”

அன்றே இன்னும் ஆறு கடிதங்கள். தங்கள் பயன்பாட்டைக் கணக்கெடுக்க வேண்டாம் என்று மென்பொருளில் சொல்லி வைத்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். இது ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூஜ்யத்தைப் பார்த்தபோது ஒருவருக்கும் நினைவு வரவில்லை, சார் உட்பட.

“அந்த முதல் கடிதத்தை மறுபடி படிம்மா,” என்றார். படித்தேன்.

“ரெண்டும் நான்தான்.”

எழுந்து போய் மேலாளரிடம் வாரத்துக்கு வேறு எழுத்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். விசையைத் திரும்பச் சேர்த்தார். பிறகு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இடது கையால் அழுத்திப் பார்த்தார். தாய் வரி பிள்ளைகளோடு மேலே போயிற்று. கீழே இறக்கினார். மறுபடி ஏற்றினார். அரை மணி நேரம் இதே வேலை.

“போதும் சார், நல்லாத்தான் வேலை செய்யுது. கையை எடுங்க, மரத்துப் போயிடும்.”

“மரத்துப் போய் நாலு மாசமாச்சும்மா,” என்றார்.