தரை முதலில் சொல்லும்

செம்பில் தண்ணீர் அசைந்தால் போதும், கனகமணி டீச்சருக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். ஆமத்தூர் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும் ஒரு கண் மேசைமேல் இருக்கிற செம்பில்தான். பக்கத்தில் கிணறு வெட்டப் பாறைக்கு வெடி வைத்தால் சத்தமும் அதிர்வும் சேர்ந்தே வரும். தொலைவில் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வெடித்தால் தரைதான் முதலில் அதிரும், சத்தம் பிறகு வரும். அந்த இடைவெளியில் டீச்சர் செத்துப் பிழைப்பாள். புருஷன் வேதமாணிக்கம் அங்கேதான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான நாள் முதல் இதே பிழைப்பு. ஆறுதல் சொல்லப் போனால் நம்மேல் பாய்வாள். கூட வேலை பார்த்த நானும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அறுபத்திரண்டாம் வருஷம், தீபாவளி சீசனில், பொறுக்கமாட்டாமல் கம்பெனிக்கே போய், "அவுகளை அனுப்பிருங்க" என்று நின்றாள்.

"ஆர்டர் நிக்குது டீச்சர். பதிலுக்கு ஒரு ஆளை விட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார் போர்மேன். அங்கே அதுதான் வழக்கம்.

ஆளுக்கு அலையவில்லை. அடுத்த வீட்டு வெள்ளைத்தாயின் புருஷன் சீனிச்சாமி, மழை பொய்த்துச் சும்மா இருந்தான். டீச்சரே போய்ப் பேசினாள்.

"ஒங்க புண்ணியத்துல எங்க வீட்டுலயும் ஒலை கொதிக்கும்" என்றாள் வெள்ளைத்தாய். சீனிச்சாமி மருந்து கலக்கப் போனான்; வேதமாணிக்கம் பள்ளிக்கூடத்தை ஒட்டி ரோட்டோரம் சைக்கிள் கடை போட்டார்.

இனி நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். எங்கே? செம்பைப் பார்ப்பது நிற்கவில்லை. கேட்டால், "கண்ணு தானாப் போகுது" என்பாள்.

ஐப்பசி பிறக்குமுன் ஒரு மத்தியானம் தண்ணீர் அசைந்தது. டீச்சர் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பழகிய கால் அல்லவா. சைக்கிள் கடையில் வேதமாணிக்கம் கிரீஸ் கையோடு எழுந்து நிற்க, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று அழுதாள். சத்தம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த வெள்ளைத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்கு டீச்சரு அளுகுறீக? அண்ணாச்சி இங்கனதான இருக்காக?"

டீச்சர் பிடித்திருந்த கையை விட்டாள்.

சீனிச்சாமியைச் சாயந்திரம் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத்தாய் தன்னை ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஏசினால் தேவலை என்று என்னிடமே சொன்னாள்.

பதினாறு கழிந்ததும் வெள்ளைத்தாய் வந்தாள். ஏசவில்லை.

"கம்பெனியில எனக்கு ஒரு வேலை சொல்லி விடுங்க டீச்சரு. ஒங்க சொல்லுக்குத்தான அவுகளை எடுத்தாக" என்றாள்.